பச்சைக் கோடு எது?

மூன்று மருந்துகளை ஒப்பிடும் ஓர் ஆய்வுக் கட்டுரை. அதில் ஒரு வாக்கியம்: ‘பச்சைக் கோடு காட்டும் மருந்துதான் காய்ச்சலை விரைவில் தணிக்கிறது.’ பக்கத்திலேயே மூன்று கோடுகள் கொண்ட வரைபடம். அதை 2016-இல் மேட்பிளாட்லிப் என்ற மென்பொருளில் வரைந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கோட்டுக்கு என்ன நிறம் என்று வரைந்தவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மென்பொருள் தானாகக் கொடுக்கும் வரிசை அப்போது நீலம், பச்சை, சிவப்பு. ஆகவே கட்டுரை புகழ்வது இரண்டாவது மருந்தை.

மறு ஆண்டு, கட்டுரையைப் படித்த நடுவர் இன்னும் ஒரே ஒரு அளவீட்டைச் சேர்த்துப் படத்தை மறுபடி வரையச் சொல்கிறார். பழைய நிரலையே எடுத்து ஓட்டுகிறார்கள். அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இடையில் மென்பொருளைப் புதுப்பித்திருந்தார்கள், அவ்வளவுதான். இப்போது கோடுகள் நீலம், ஆரஞ்சு, பச்சை என்று வருகின்றன. பச்சை நகர்ந்துபோய் மூன்றாவது மருந்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. கணினி எந்தப் பிழையையும் அறிவிக்கவில்லை. அதன் கணக்கில் பிழையே இல்லை. வாக்கியம் எழுதியபடியே இருக்கிறது. அது சுட்டும் மருந்து மட்டும் வேறு.

மருந்துக் கதை என் கற்பனை. நிற வரிசை மாறியது நிஜம். 2017 ஜனவரியில் வெளிவந்த மேட்பிளாட்லிப் 2.0 பதிப்பில் நடந்தது. நிறத்தோடு நிற்கவில்லை. எழுத்தின் அளவு 12 புள்ளியிலிருந்து 10 ஆயிற்று. கோட்டின் தடிமன் 1 புள்ளியிலிருந்து 1.5 ஆயிற்று. எட்டுக்கு ஆறு அங்குலமாக இருந்த படம் 6.4-க்கு 4.8 அங்குலமாகச் சுருங்கியது. அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்ற கணக்கும் 80-இலிருந்து 100-க்கு ஏறியதால், திரையில் பார்த்தால் அதே 640-க்கு 480 பிக்சல்தான். திரையில் பார்ப்பவருக்கு அளவு மாறியதே தெரியாது. அச்சுக்கு அனுப்புபவருக்குத்தான் தெரியும்.

கேட்காத கேள்விக்கு விடை

ஒரு வரைபடத்தை வரையச் சொல்ல ஒரு வரிக் கட்டளை போதும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான முடிவுகள் நடக்கின்றன. அச்சுக்கோடு எவ்வளவு தடிமன், அளவுக்குறிகள் உள்நோக்கியா வெளிநோக்கியா, எந்த எழுத்துரு, பின்னணி வெள்ளையா சாம்பலா என்று நாம் சொல்லாத ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் ஒரு விடையைக் கையில் வைத்திருக்கிறது. ஆய்வகங்களில் ‘டீஃபால்ட்’ என்று சொல்வது இதைத்தான். இயல்பு மதிப்பு என்போம். மேட்பிளாட்லிப்பில் மட்டும் இப்படி ஏறக்குறைய 300 மதிப்புகள் உண்டு.

இவற்றை மாற்றிக்கொள்ளாமல் ஓர் ஆய்வாளரால் காலம் தள்ள முடியாது. காரணம் எளிய கணக்கு. நேச்சர் ஆய்விதழில் ஒரு பத்தியின் அகலம் 89 மில்லிமீட்டர். மேட்பிளாட்லிப் இயல்பாகத் தரும் 6.4 அங்குலப் படம் ஏறக்குறைய 163 மில்லிமீட்டர். அதை அந்தப் பத்திக்குள் அடைத்தால் எல்லாம் 0.55 மடங்காகச் சுருங்கும். 10 புள்ளி எழுத்து 5.5 புள்ளி ஆகும். அந்த இதழ் படத்துக்குள் கேட்பது 5 முதல் 7 புள்ளி, விளிம்பில் தப்பித்தோம். ஆனால் அச்சுக்கோட்டில் உள்ள மேற்குறி எழுத்துகள் அதைவிடச் சிறியவை. பத்தின் அடுக்கு மூன்றா எட்டா என்று படிப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். எனவே படத்தை முதலிலேயே 89 மில்லிமீட்டரில் வரைந்து, எழுத்தை 7 புள்ளியாக வைப்பதே முறை. இதை ஒரு படத்துக்குச் செய்வது எளிது. ஓர் ஆய்வேட்டில் வரும் எல்லாப் படங்களுக்கும், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு, ஒன்றுபோலச் செய்வதுதான் பாடு. ஆகவே எல்லோரும் தங்கள் விருப்ப அமைப்பைச் செய்து வைத்துக்கொள்கிறார்கள். செய்துவைத்தது ஒருநாள் காணாமல் போகிறது.

ஏன் காணாமல் போகிறது என்று புரிந்துகொள்ள ஒரு தையற்கடைக்குப் போகலாம். தையற்காரர் நம் அளவை மூன்று விதமாக வைத்திருக்கக்கூடும். மனத்தில் வைத்துக்கொண்டால் அன்று மாலைவரை நிற்கும். கடை நோட்டில் எழுதினால் அந்தக் கடை உள்ளவரை நிற்கும். சீட்டில் எழுதித் துணியிலேயே குத்திவிட்டால், துணி எந்தக் கடைக்குப் போனாலும் அளவு கூடவே போகும். மூன்றிலும் இருப்பது அதே எண்கள்தான். எங்கே எழுதினார் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. வரைபட மென்பொருள்களிலும் இதே மூன்று இடங்கள் உண்டு.

மனக்கணக்கு

மேட்லேப் மென்பொருளில் படத்தின் உறுப்புகள் ஒரு குடும்பம்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. கோடு அச்சுச் சட்டத்தின் பிள்ளை. சட்டம் படச் சாளரத்தின் பிள்ளை. எல்லாச் சாளரங்களுக்கும் மூதாதையாக ‘ரூட்’ என்ற ஒன்று இருக்கிறது. புதிதாகப் பிறக்கும் கோட்டுக்குத் தடிமன் சொல்லப்படவில்லை என்றால், அது முதலில் தன் சட்டத்தைக் கேட்கும். அங்கே இயல்பு மதிப்பு இல்லையென்றால் சாளரத்தை, அங்கும் இல்லையென்றால் ரூட்டை. அதுவும் கைவிரித்தால் ஆலையிலிருந்து வந்தபோதே பொறித்த மதிப்பு. ‘இனிப் பிறக்கும் எல்லாக் கோடுகளும் 2 புள்ளி தடிமன்’ என்று ரூட்டில் ஒரு முறை எழுதிவிட்டால் போதும். இனிப் பிறப்பவற்றுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே திரையில் இருக்கும் கோடுகள் அசையாது.

ஆனால் இது மனக்கணக்கு. மேட்லேப்பை மூடினால் மறந்துவிடும். மறக்காமல் இருக்க, மென்பொருள் திறக்கும்போதெல்லாம் தானே ஓடும் ‘ஸ்டார்ட்அப்’ கோப்பில் அந்த வரியை எழுதி வைக்க வேண்டும்.

மூடாமலே மறக்கும் இடமும் ஒன்று உண்டு. புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது அங்கேதான். அச்சுச் சட்டத்துக்கு எழுத்தளவு 18 என்று அமைக்கிறார்கள். அடுத்த வரியில் வரையும் கட்டளை. படம் வருகிறது, எழுத்து பழையபடி சிறிதாக. மென்பொருளின் கோளாறு என்று தோன்றும். உண்மையில் வரையும் கட்டளை, கோட்டைப் போடுவதற்கு முன் கரும்பலகையைத் துடைக்கிறது. துடைக்கும்போது பழைய கோடுகளை அழிப்பதோடு, இடம் அளவு தவிர்த்த மற்ற பண்புகளையும் இயல்பு மதிப்புக்குத் திருப்பிவிடுகிறது. எழுத்தளவு 18 என்பது அந்தத் துடைப்பில் போயிற்று. தீர்வு இரண்டு. துடைக்க வேண்டாம் என்று ‘ஹோல்ட்’ கட்டளையால் முன்னதாகத் தடுக்கலாம். அல்லது 18 என்பதைச் சட்டத்தில் எழுதாமல் ஒரு படி மேலே, சாளரத்திலோ ரூட்டிலோ இயல்பு மதிப்பாக எழுதலாம். துடைத்தபின் திரும்பிப் போகும் இடமே 18 ஆகிவிடும்.

புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ஆர் மொழியில் மறதி வேறு விதம். அதன் அடிப்படை வரைகலையில் ஓரங்கள், எழுத்தளவு முதலான அமைப்புகள் எல்லாம் திறந்திருக்கும் வரைதாளோடு கட்டுண்டவை. அந்தத் தாளை மூடிப் புதிய தாள் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் ஆர் எழுதுபவர்களிடம் ஒரு நாகரிகம் வளர்ந்திருக்கிறது. ஒரு நிரல்துண்டு பிறருடைய தாளில் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தால், முதலில் பழையதைக் குறித்துக்கொள்ளும். வெளியேறும்போது, வேலை பாதியில் முறிந்தாலும்கூட, இருந்தபடி வைத்துவிட்டுப் போகும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவதுபோல.

கடை நோட்டு

மேட்பிளாட்லிப்பில் கடை நோட்டு என்பது அமைப்புகளை எழுதிவைக்கும் ஒரு கோப்பு. அதை மென்பொருள் தேடும் விதம் கவனிக்கத்தக்கது. முதலில் நாம் நின்று வேலை செய்யும் கோப்புறையில் பார்க்கும். அடுத்து, கணினியின் சூழல் மாறி ஒன்று காட்டும் இடத்தில். பிறகு பயனரின் சொந்த அமைப்புக் கோப்புறையில். எங்கும் இல்லையென்றால் மென்பொருளோடு வந்த கோப்பு. முதலில் கிடைக்கும் நோட்டோடு தேடல் நின்றுவிடும்; அதில் எழுதாதவற்றுக்கு ஆலை மதிப்பு. கோப்புறையில் இரண்டே வரிகொண்ட நோட்டு ஒன்று கிடந்தால், வீட்டில் பார்த்துப் பார்த்து எழுதிய ஐம்பது வரி நோட்டைத் திறந்தே பார்க்காது.

அதைவிடப் பெரிய பொறி கடைசி இடத்தில் இருக்கிறது. மென்பொருளோடு வந்த கோப்பு கைக்கெட்டும் தூரத்தில், எல்லா மதிப்புகளும் வரிசையாக எழுதப்பட்டு, திருத்தச் சொல்லி அழைக்கும். பலர் அதிலேயே திருத்திவிடுகிறார்கள். மேட்பிளாட்லிப்பை ஒவ்வொரு முறை நிறுவும்போதும் அந்தக் கோப்பின் மேல் புதிய கோப்பு எழுதப்படும். வாடகை வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடுபோட்டு வைத்ததுபோலத்தான். அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும். சொந்தக் கோப்புறைக்கு ஒரு நகலைக் கொண்டுபோய், மாற்ற விரும்பும் வரிகளை மட்டும் எழுதிவைத்தால் எத்தனை முறை புதுப்பித்தாலும் நிற்கும். கோப்பின் எல்லா வரிகளையும் அப்படியே செயலில் வைப்பதும் நல்லதல்ல. நாம் யோசித்தே பார்க்காத நூற்றுக்கணக்கான பழைய மதிப்புகள் அதோடு உறைந்துவிடும். சில ஆண்டுகள் கழித்து, வழக்கொழிந்த பெயர்களைக் காட்டி மென்பொருள் எச்சரிக்கத் தொடங்கும்.

இந்த நோட்டுகளின் பெயர் ‘ஆர்சி’ என்ற இரண்டு எழுத்தில் முடிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது 1960-களின் சொல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருந்தபோது, கட்டளைகளைக் கோப்பில் எழுதி வரிசையாக ஓட்டும் வசதியை லூயி பூசான் செய்தார். அதன் பெயர் ‘ரன்காம்’, கட்டளைகளை ஓட்டு என்பதன் சுருக்கம். யூனிக்ஸ் வழியாக அந்தச் சுருக்கம் இன்றுவரை கோப்புப் பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாற்றியவர்கள் பக்கம்

கோடிக்கணக்கான படங்களின் தோற்றம் மாறும் என்று தெரிந்தும் இயல்பு மதிப்புகளில் ஏன் கை வைத்தார்கள்? மேட்பிளாட்லிப்பை எழுதத் தொடங்கியவர் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை; முதல் பதிப்பு 2003-இல் வந்தது.  மேட்லேப்பில் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றக்கூடாது என்று அதன் வழக்கங்களைப் பின்பற்றினார். அவற்றோடு ‘ஜெட்’ என்ற வானவில் நிறத் தொகுதியும் வந்து சேர்ந்தது. வெப்பம், அழுத்தம், மழையளவு எதுவானாலும் கருநீலத்தில் தொடங்கி மஞ்சள் வழியாகக் கருஞ்சிவப்பில் முடியும் அந்தப் படங்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

ஜெட்டின் குற்றம், அது இல்லாத எல்லைகளை வரைவது. தரவு சீராக ஏறினாலும், நடுவில் வெளிர்நீலமும் மஞ்சளும் பளிச்சென்று பட்டைகளாகத் தெரியும். கண் அங்கே ஒரு விளிம்பு இருப்பதாக நம்பும். இது அழகியல் குறை மட்டுமல்ல என்று 2011-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மிஷெல் போர்கின் குழு காட்டியது. இதயத் தமனிகளின் முப்பரிமாணப் படத்தில் நோய் வாய்ப்புள்ள இடங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, வானவில் நிறத்தில் 39 விழுக்காடு இடங்கள்தான் பிடிபட்டன. நிறத் தொகுதியை மாற்றியதும் அதே முப்பரிமாணப் படத்தில் 71 விழுக்காடு பிடிபட்டது.

மேட்லேப் 2014-இல் ‘பருலா’ என்ற நிறத் தொகுதிக்கு மாறியது. மேட்பிளாட்லிப்புக்காக ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டும் நத்தானியேல் ஸ்மித்தும் 2015-இல் ‘விரிடிஸ்’ என்ற தொகுதியை அறிமுகப்படுத்தினர். ஒளிர்வு சீராக ஏறும், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் பொருள் கெடாது. வட ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு உள்ள சிவப்பு பச்சைக் குறைபாட்டிலும் அது தாக்குப்பிடிக்கும். ஆக, மாற்றியவர்கள் செய்தது சரிதான். சரியான மாற்றமும் பழைய வாக்கியங்களை உடைக்கும் என்பதுதான் சிக்கல். மேட்லேப்பின் அதே பதிப்பில் கோடுகளின் வரிசையும் மாறி, இரண்டாம் இடத்திலிருந்த பச்சை ஐந்தாம் இடத்துக்குப் போனது.

இதில் ஆர் மொழிக்காரர்கள் கொஞ்சம் நிதானம் காட்டினார்கள். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பில் கண்ணைக் குத்தும் பழைய நிறங்களை மாற்றினார்கள், ஆனால் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையின் சாயல் கெடாமல் சாந்தமான நிறங்களை வைத்தார்கள். இரண்டாவது கோடு அன்றும் சிவப்பு, இன்றும் சிவப்பு. எழுதியவரின் வாக்கியம் பிழைத்தது.

மாற்றியவர்கள் பலரும் பழையதற்கு ஒரு பெயர் கொடுத்துப் பரணில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மேட்பிளாட்லிப்பில் ‘கிளாசிக்’ என்று கேட்டால் 2.0-க்கு முந்தைய தோற்றம் திரும்பும். 2015-இல் நிற வரிசையை மாற்றிய நுபிளாட் என்ற வரைபட மென்பொருளிலும் ‘கிளாசிக்’ உண்டு. ஆர் மொழியில் ‘ஆர்3’ என்றால் பழைய நிறங்கள். மேட்பிளாட்லிப்புக்கே அந்தப் பரண் தேவைப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஏராளமான படங்களை வரைந்து, சேமித்துவைத்த மூலப் படங்களோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டுத்தான் அது தன்னைச் சோதித்துக்கொள்கிறது. இயல்பு மதிப்புகள் மாறியபோது அத்தனை மூலப் படங்களையும் மறுபடி வரைவதைவிட, சோதனைகளைப் பழைய ‘கிளாசிக்’ தோற்றத்திலேயே ஓட விட்டார்கள்.

துணியில் குத்திய சீட்டு

சொந்த நோட்டில் எழுதிவைத்தால் வேலை முடிந்ததா? நம் கணினியில் முடிந்தது. மாணவர் தன் நிரலை வழிகாட்டிக்கு அனுப்புகிறார். அவர் கணினியில் ஓட்டினால் படம் வேறு மாதிரி வருகிறது. நிரல் முழுதும் அனுப்பப்பட்டதுதான். படத்தின் பாதி அமைப்பு மாணவரின் கணினியில் கண்ணில் படாத ஒரு கோப்பில் தங்கிவிட்டது. நோட்டு எவ்வளவு நிறைவானதோ, அவ்வளவு குறைவாக நிரல் தன்னைப் பற்றிச் சொல்கிறது.

இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் வேவ்மெட்ரிக்ஸ் நிறுவனத்தார். அவர்களுடைய இகோர் புரோ மென்பொருளில், பிடித்தமான படம் ஒன்றைக் காட்டி, ‘இனி இதுபோல’ என்று விருப்பத்தைப் பதிவுசெய்யலாம். கையால் வரையும்போது அந்த விருப்பம் செல்லும். எழுதிவைத்த நிரல்முறை ஒன்று ஓடத் தொடங்கியதும் விருப்பங்கள் தாமாக அணைந்துவிடும். நிரல் யார் கணினியில் ஓடினாலும் ஒரே விளைவு தர வேண்டும் என்பதற்காக. தனி ஆளின் வசதியும் அறிவியலின் தேவையும் எங்கே பிரிகின்றன என்பதை அந்த ஒரு விதி தெளிவாகக் காட்டிவிடுகிறது.

மற்ற மென்பொருள்களில் அந்த எல்லைக்கோட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். என் வழக்கம் இது. அன்றாடம் திரையில் பார்ப்பதற்கான வசதிகள் சொந்த நோட்டில். வெளியே போகும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தனித் தோற்றக் கோப்பு. அது தரவும் நிரலும் இருக்கும் கோப்புறையிலேயே இருக்கும். நிரலின் தொடக்கத்தில் இரண்டு வரி: ஒன்று, எல்லாவற்றையும் ஆலை மதிப்புக்குத் திருப்புவது, அடுத்தது, அந்தத் தோற்றக் கோப்பைப் பெயர் சொல்லி அழைப்பது. முதல் வரியை விட்டுவிட்டால் என் சொந்த நோட்டின் மதிப்புகள் சத்தமில்லாமல் உள்ளே கசியும். என் கணினியில் மட்டும் படம் சரியாக இருக்கும். மேட்பிளாட்லிப் 2014 முதல் இப்படிப்பட்ட தோற்றக் கோப்புகளை ஏற்கிறது. மற்றவற்றில் அமைப்பு வரிகளைத் தனி நிரலாக எழுதி அழைத்தால் ஆயிற்று.

ஆலை மதிப்பே பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதைப் பார்த்தோம். அதனால் பதிப்பு எண்ணையும் அந்தக் கோப்புறையில் குறித்துவைக்கிறேன். இறுதிப் படத்தின் நகல் ஒன்றும் அங்கே இருக்கும். பின்னொரு நாள் மறுபடி வரையும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிக்சலுக்குப் பிக்சல் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை; எழுத்துருவை வரையும் நிரலகம் மாறினாலே எழுத்தின் விளிம்புகள் நூலிழை அசையும். மேட்பிளாட்லிப்பே தன் சோதனைகளுக்காக ஃப்ரீடைப் என்ற எழுத்துரு நிரலகத்தின் ஒரு பழைய பதிப்பை நெடுங்காலம் கட்டிவைத்திருந்தது. படிப்பவர் எடுத்துக்கொள்ளும் செய்தி மாறவில்லையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது, பச்சைக் கோட்டின் கதையில் குற்றம் மென்பொருள்மேல் மட்டும் இல்லை என்று தெரிகிறது. தோற்றக் கோப்பில் நிற வரிசையை எழுதியிருந்தால் அந்தப் பச்சை இடம் மாறியிருக்காது. ஆனால் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத வாசகருக்கு அந்த வாக்கியம் 2016-இலும் பயன்பட்டிருக்காது. மருந்தின் பெயரைக் கோட்டின் நுனியிலேயே எழுதிவிட்டு, வாக்கியத்திலும் பெயரையே சொல்லியிருக்கலாம். நிறம் மென்பொருள் கொடுத்தது. பெயர் ஆய்வாளர் அறிந்தது.